தானக் கருமுட்டை, தான விந்தணு: கேட்டவர்களுக்குப் பதில்

குழந்தைக்காகச் சிகிச்சைக்கு வருபவர்களிடம் பேசி, அவர்களுக்குப் படிவங்களை விளக்குவதுதான் என் வேலை. இந்த வாரம் வந்த கேள்விகள் பலவும் 2022 ஜனவரி 25 அன்று இந்தியாவில் நடைமுறைக்கு வந்த ஏஆர்டி சட்டத்தை, அதாவது செயற்கை முறைக் கருத்தரிப்புச் சிகிச்சைகளை ஒழுங்குபடுத்தும் சட்டத்தைப் பற்றியவை.

என் தங்கை எனக்குக் கருமுட்டை தரத் தயார். டாக்டர் ஏன் தயங்குகிறார்?

தானம் தருபவரைத் தேர்ந்து, பரிசோதித்து, மருத்துவமனைக்குக் கொடுக்கும் பொறுப்பைச் சட்டம் பதிவு பெற்ற ஏஆர்டி வங்கியிடம் (தானக் கருமுட்டை, விந்தணுவுக்கான வங்கி) விட்டிருக்கிறது. ‘என் தங்கை, நானே கூட்டி வந்தேன்’ என்று நேரே சிகிச்சை மேசைக்குப் போக வழியில்லை. சொந்த ரத்தம் என்ற ஆசை புரிகிறது அம்மா. டாக்டர் மறுப்பது உங்கள் மேல் அக்கறை இல்லாமல் அல்ல.

எனக்கு 34 வயது, கல்யாணம் ஆகவில்லை. தான விந்தணு வைத்துச் சிகிச்சை எடுக்கலாமா?

எடுக்கலாம். 21 முதல் 50 வயது வரையுள்ள பெண் தனியாகவே வரலாம். தனி ஆணுக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. வாடகைத்தாய் விஷயம் வேறு: அங்கே தனிப் பெண் என்றால் விதவையோ விவாகரத்து ஆனவரோ மட்டும்தான், கருமுட்டையும் அவருடையதாகவே இருக்க வேண்டும்.

முட்டை கொடுத்தால் பணம் தருவதாக ஒரு புரோக்கர் அக்கா சொல்கிறார். இது மூன்றாவது தடவை. உடம்புக்கு ஒன்றும் ஆகாதே?

தயவுசெய்து போகாதீர்கள். தானம் தரும் பெண் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் தரலாம், ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது. ‘மூன்றாவது தடவை’ என்று யாராவது கூப்பிட்டால், அவர் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார் என்று அர்த்தம். முட்டையை விற்பதும் வாங்குவதும் குற்றம்.

உடம்பைப் பற்றிக் கேட்டீர்கள். நாள்தோறும் ஹார்மோன் ஊசி போட்டு, ஒரே மாதத்தில் பல முட்டைகளை வளர வைக்கிறார்கள். சிலருக்குச் சினைப்பை வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, மூச்சு விடவே சிரமப்படும் நிலை வரும். அதனால்தான் சிகிச்சை பெறும் தம்பதி, தானம் தருபவர் பெயரில் 12 மாதத்துக்குக் காப்பீடு எடுத்தாக வேண்டும். அந்த பாலிசியைக் கையில் வாங்கிப் பாருங்கள். புரோக்கர் அதைக் காட்டவே மாட்டார்.

2022-இல் ஈரோட்டில் 16 வயதுப் பிள்ளையின் ஆதாரில் வயதைக் கூட்டிக் காட்டிப் பலமுறை முட்டை எடுத்த வழக்கை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்குகிறது. கையெழுத்துப் போட வரும் பெண்களிடம் நான் முதலில் கேட்பது, ‘சாப்பிட்டாயா?’ அப்புறம், ‘யார் உன்னைக் கூட்டி வந்தது?’ இரண்டாவது கேள்விக்குக் கண்கள் வாசல் பக்கம் போனால், பேனாவை அவள் கையில் கொடுக்க மாட்டேன்.

ஐவிஎஃப் (உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் சிகிச்சை) முடிந்து எங்களிடம் நான்கு கரு மிச்சம் உறைநிலையில் இருக்கிறது. குழந்தையில்லாத வேறு தம்பதிக்குக் கொடுக்கலாமா?

நல்ல மனசு. ஆனால் இப்போதைய சட்டத்தில் முடியாது. பத்து வருஷம் வரை உங்களுக்காக வைத்திருப்பார்கள். அதற்குப் பிறகு அழிய விட வேண்டும், அல்லது உங்கள் சம்மதத்தோடு பதிவு பெற்ற ஆய்வு நிறுவனத்துக்குத் தரலாம். இந்த இடத்தில் சட்டம் இன்னும் கொஞ்சம் இளகினால் நல்லது என்பது என் எண்ணம்.

தான விந்தணுவுக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். இப்போது மனம் ஒப்பவில்லை. என் மனைவியிடம் சொல்லவும் பயம்.

கருவைக் கருப்பைக்குள் வைப்பதற்கு முன் எப்போது வேண்டுமானாலும், தம்பதியில் ஒருவர் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். ஆகவே அவசரமில்லை. முதலில் அவரிடம் பேசுங்கள் தம்பி, இன்று இரவே.

பின்னால் தானம் தந்தவர் வந்து பிள்ளையைக் கேட்டால்?

கேட்க முடியாது. பிறக்கும் குழந்தை சட்டப்படி உங்கள் சொந்தக் குழந்தை, சொத்துரிமை உட்பட. தந்தவருக்குப் பெற்றோர் உரிமை எதுவும் கிடையாது.