கடல்குதிரை ஏன் தீனி எடுக்கவில்லை?

கேள்வி: ஒரு வருடமாக ஓடும் உப்புநீர்த் தொட்டியில், இரண்டு கோமாளி மீன்களோடு ஒரு ஜோடி கடல்குதிரையை விட்டிருக்கிறேன். உறைந்த இறால் போட்டால் பார்த்துக்கொண்டே நிற்கின்றனவே தவிர வாய் வைப்பதில்லை. தண்ணீரைச் சோதித்துவிட்டேன், அம்மோனியா எதுவும் இல்லை. என்ன செய்வது?

பதில்: முதல் வேலையாகக் கோமாளி மீன்களையும் கடல்குதிரைகளையும் பிரித்துவிடுங்கள். பந்திக்கு முந்துவதில் கோமாளி மீனை மிஞ்ச முடியாது. கடல்குதிரையோ வாலால் எதையாவது பற்றிக்கொண்டு, இரண்டு கண்களையும் தனித்தனியாக உருட்டி, எதிரே மிதந்து வரும் இறாலை நிதானமாக நோட்டம் விட்டு, அப்புறம்தான் மூக்கைக் கிட்டே கொண்டுபோய் 'டக்'கென்று உறிஞ்சும். அதற்குள் மற்ற மீன்கள் தொட்டியைத் துடைத்துவிடும்.

வாங்கும்போது கடலில் பிடித்ததா, பண்ணையில் பிறந்ததா என்று கேட்டீர்களா? பெரும்பாலும் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. கடலில் வளர்ந்தது அசைவதைத்தான் இரை என்று நினைக்கும், உறைந்த மைசிஸ் (இறால் போன்ற சிறு உயிரி) அதன் கண்ணில் படுவதே இல்லை. இப்போதைக்கு உயிருள்ள மைசிஸ் அல்லது சத்து ஏற்றிய வளர்ந்த ஆர்ட்டீமியாவை (உப்புநீரில் வாழும் இறால் போன்ற சிறு உயிரி) கொடுங்கள். அது சாப்பிடத் தொடங்கியதும் உறைந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக அதோடு கலந்து, குழாயால் அதன் முகத்துக்கு நேரே மெல்ல விட்டுப் பழக்குங்கள். தள்ளிப்போட வேண்டாம். கடல்குதிரைக்குப் பல்லும் கிடையாது, இரைப்பையும் கிடையாது, தின்றது சீக்கிரமே குடலைக் கடந்துவிடும், அதனால் பட்டினி தாங்காது. தினமும் இரண்டு மூன்று வேளை தீனி வேண்டும், மிச்சத்தை உடனே உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். இதற்கு நேரம் இல்லாதவர்கள் கடல்குதிரை வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பல நாடுகளில் இயற்கையில் இவை குறைந்துவருவதால்தான், 2004 முதல் எல்லா வகைக் கடல்குதிரைகளின் சர்வதேச வணிகமும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அடுத்த முறை பண்ணையில் பிறந்து, உறைந்த தீனிக்குப் பழகியதை மட்டும் வாங்குங்கள், அதுவும் உங்கள் கண்ணெதிரே சாப்பிட்டுக் காட்டிய பிறகு.

தொட்டி 45 சென்டிமீட்டருக்குக் குறையாத உயரம் இருக்கட்டும். வெப்பமண்டல வகையாக இருந்தாலும் தண்ணீர் 22 முதல் 24 டிகிரிக்குள் இருப்பது நல்லது, சூடு ஏறினால் நோய் உண்டாக்கும் விப்ரியோ பாக்டீரியா வேகமாகப் பெருகும். வால் சுற்றிக்கொள்ளச் செயற்கைச் செடி போதும். கொட்டும் பவளமும் கடல் சாமந்தியும் பக்கத்திலேயே வேண்டாம்.

கேள்வி: ஆண் கடல்குதிரையின் வயிற்றுப் பை உப்பியிருக்கிறது. குட்டியா, நோயா?

பதில்: அது நீந்துவதைக் கவனியுங்கள். குட்டி சுமக்கும் ஆண் எப்போதும்போல நிமிர்ந்து நீந்தும், விரும்பிய இடத்தில் இறங்கி வாலைச் சுற்றிக்கொள்ளும். கீழே இறங்க முடியாமல் மேலேயே மிதந்து தத்தளித்தால் பைக்குள் காற்று சேர்ந்திருக்கலாம். நீங்களாக எதையும் குத்திப் பார்க்காதீர்கள், மீன் நோய் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் அன்றைக்கே காட்டுங்கள்.