மெல்லப் பாடினால் டிரம்ஸ் விழுங்கிவிடாதா?

கேள்வி: ஸ்காட்லாந்தின் பெல் அண்ட் செபாஸ்டியன் இசைக்குழு தன் முதல் ஆல்பத்தை வெறும் 1,000 பிரதிகள்தான் போட்டதாமே, கிராக்கி ஏற்றும் தந்திரமா? – கோவை வாசகர்

பதில்: தந்திரமெல்லாம் இல்லை, கல்லூரி பிராஜெக்ட். கிளாஸ்கோவின் ஸ்டோ கல்லூரியில் இசை வணிகம் படித்த மாணவர்கள், எலக்ட்ரிக் ஹனி என்ற தங்கள் லேபிளில் ஆண்டுக்கு ஒரு சிங்கிள் (ஓரிரு பாட்டுத் தட்டு) வெளியிடுவது வழக்கமாக இருந்தது. 1996-இல் குழுவின் பாடகர் ஸ்டூவர்ட் முர்டாக்கின் டெமோ (மாதிரிப் பதிவு) அவர்கள் கைக்குப் போனது. அவரிடம் ஓர் ஆல்பத்துக்கே பாட்டு இருந்தது, சிங்கிள் ஆல்பமாயிற்று. தீராத களைப்பு நோயில் முடங்கிக் கிடந்த வருடங்களில்தான் அவர் பாட்டெழுதத் தொடங்கினார். பேஸ் கிதார் வாசித்த ஸ்டூவர்ட் டேவிட், வேலையில்லாதவர்களுக்கான பயிற்சி வகுப்பில் அறிமுகமானவர். ஆக, பாட்டு முதலில், பேண்ட் பிறகு. இங்கே லோகோவும் இன்ஸ்டா பக்கமும் தயாரான பிறகுதான் பலர் பாட்டைத் தேடுகிறார்கள்.

அந்த முதல் ஆல்பம் 'டைகர்மில்க்', வினைல் இசைத்தட்டாக மட்டுமே வந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஜீப்ஸ்டர் லேபிளில் அடுத்த ஆல்பம், 1997-இல் மூன்று ஈ.பி. (சில பாட்டுகள் மட்டும் கொண்ட சிறு தட்டு). முதல் தட்டு கிடைக்காதவர்களுக்கும் கேட்கப் புதுப்பாட்டு வந்துகொண்டே இருந்தது. வளர்ந்தது அப்படித்தான். மூன்று ஆல்பம் போட்ட பிறகு 1999-இல் பிரிட்டனின் இசை விருதான பிரிட் விருதில் இவர்களைப் 'புதுமுகம்' ஆக்கினார்கள், அது தனி வேடிக்கை!

கேள்வி: எங்கள் குழுவில் வயலின், டிரம்பெட் உட்பட ஏழு பேர். பாடகி மெல்லத்தான் பாடுவாள். ரிகர்சலில் குரலே கேட்பதில்லை. – திருச்சி வாசகி

பதில்: குரல் மைக்கை ஏற்றாதீர்கள். ஏற்ற ஏற்ற அது டிரம்ஸின் சிம்பல் (உலோகத் தட்டு) ஓசையையும் சேர்த்து இழுக்கும், அப்புறம் 'கூ' என்று விசிலடிக்கும். முதலில் டிரம்மரின் கைக்குச்சியை மாற்றுங்கள். மெல்லிய குச்சிகளைக் கட்டாகக் கட்டிய ராட்ஸ் கிடைக்கிறது, இல்லாவிட்டால் பிரஷ். ஸ்நேர் டிரம் மேல் ஒரு கைக்குட்டை. உதடு மைக்கிலிருந்து இரண்டு விரல்கடைக்குள் இருக்கட்டும். அவ்வளவு நெருங்கினால் அடிக்குரல் உப்பும், மிக்ஸரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். முன்பக்கச் சத்தத்தையே அதிகம் பிடிக்கும் கார்டியாய்டு மைக்குக்குப் பின்பக்கம் காது மந்தம். பாடுபவருக்குக் கேட்பதற்கான மானிட்டர் ஸ்பீக்கரை அந்தப் பக்கம் வையுங்கள்.

கிதார் ஆம்ப் தரையில் இருந்தால் சத்தம் வாசிப்பவரின் முழங்காலோடு போய்விடும். கேட்கவில்லையென்று அவர் வால்யூமைத் திருப்புவார். நாற்காலிமேல் தூக்கி வையுங்கள், தானே குறைப்பார். சிறிய அறையில் டிரம்பெட்டுக்கு மைக் வேண்டாம். வயலின் அதிர்வைப் பிடிக்கும் பியெஸோ பிக்கப்பை நேரே மிக்ஸரில் செருகினால் தகரம்போலக் கீச்சிடும், நடுவில் ஒரு பிரீஆம்ப் (சிக்னலைச் சீராக்கும் பெட்டி) தேவை. இத்தனையும் செய்தபின்னும் குரல் அமுங்கினால் குற்றம் அரேஞ்ச்மென்டில், அதாவது யார் எப்போது வாசிப்பது என்பதில். அவள் பாடும் வரியில் டிரம்பெட் வாயை மூடட்டும்.

கேள்வி: 50 நிமிட ஆல்பம் ஒரே வினைலில் அடங்குமா? – மதுரை வாசகர்

பதில்: அடங்கும், நன்றாக இருக்காது. 12 அங்குலத் தட்டில், நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில், பக்கத்துக்கு 20 நிமிடம் சௌகரியம். 25 நிமிடம் திணித்தால் வரிப்பள்ளங்களை நெருக்க வேண்டியிருக்கும். சத்தமும் பேஸும் குறையும். உள்வட்டத்தில் 'ஸ', 'ச' சீறும் என்பதால், பக்கக் கடைசியில் அமைதியான பாட்டை வையுங்கள்.