இலை சுருண்ட கொச்சியும் எரிகிற வைக்கோலும்

கேள்வி: ஐயா, செட்டிபாளையத்தில் வீட்டு வளவுக்குள் சின்னத் தோட்டம் வைத்திருக்கிறேன். மழை விட்டதும் தை கடைசியில் 40 கொச்சிக் (மிளகாய்) கன்றும் 12 கத்தரியும் நட்டேன். மாசி முழுக்க நல்ல செழிப்பு. பங்குனி பிறந்ததும் கொச்சியின் நுனி இலைகள் சுருளத் தொடங்கின. கடையில் 2 போத்தல் மருந்தும் ஒரு வளர்ச்சி டொனிக்கும் தந்தார்கள். மூன்றையும் கலந்து 3 தரம் அடித்தேன். சுருட்டு கூடியதே தவிரக் குறையவில்லை. கிழமைக்கு ஒரு தரம் யூரியாவும் போடுகிறேன். பின்வளவில் 6 வயதுக் கறுத்தக்கொழும்பான் மா முதல் தரம் பூத்துப் பிஞ்சு கொட்டுகிறது. இதைவிட நல்ல மருந்து எது? பிள்ளைகள் சாப்பிடுகிற காய் என்பதால் பயமாகவும் இருக்கிறது.

பதில்: தங்கச்சி, அந்த மூன்று போத்தலையும் இன்றைக்கே மூடி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். போத்தல்களின் தாளில், அடித்த பின் எத்தனை நாள் காய் பறிக்கக் கூடாது என்று போட்டிருக்கும். இரண்டில் எது கூடுதலோ அத்தனை நாளும் சமையலுக்குக் காய் பறிக்க வேண்டாம். அதற்குள் முற்றுகிற காய்களைப் பறித்துப் புதைத்துவிடுங்கள்.

இலை எந்தப் பக்கம் சுருண்டது என்று நீங்கள் எழுதவில்லை. மேல்நோக்கித் தோணி போல மடிந்தால் பனிப்பூச்சி, அதாவது இலைப்பேன். நுனியை ஒரு வெள்ளைத் தாளில் தட்டிப் பாருங்கள், நூல் துண்டு போல ஊர்ந்து ஓடும். கீழ்நோக்கி மடிந்து, இலை ஒடுங்கிக் காம்பு நீண்டால் சிற்றுண்ணி, வெறுங்கண்ணுக்குப் படாது. இலை சிறுத்து மஞ்சளாகிக் குருத்து கொத்தாய் நின்றால், வெண் ஈ கொண்டுவந்த வைரசு. அதற்கு மருந்தே இல்லை, அந்தக் கன்றைப் பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டியதுதான்.

உங்கள் கன்றுகளில் இருப்பது சிற்றுண்ணி என்றே நினைக்கிறேன். அடிக்க அடிக்கக் கூடுவது அதன் குணம். பூச்சி மருந்து பலவற்றுக்குச் சிற்றுண்ணி சாகாது, அதைத் தின்கிற நல்ல உயிர்கள்தான் சாகும். நீரில் கரைக்கிற கந்தகத் தூளை, பொதியில் உள்ள அளவில், வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும். பனிப்பூச்சி என்றால் லீற்றருக்கு 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து, இரவு ஊறவைத்து வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கலந்து அடித்தால் போதும்.

இலையைக் கண்ணால் பார்க்காமல் மருந்து கொடுக்கிறவர் வைத்தியர் இல்லை, விற்பனையாளர். பூச்சி மருந்தோடு டொனிக்கையும் கலந்தது பெரும் பிழை. உங்கள் தோட்டத்துக்கு டொனிக் எதற்கு? சந்தேகம் வந்தால் சுருண்ட கிளையை ஒடித்துப் பையில் போட்டு கமநல சேவை நிலையத்துக்குக் கொண்டுபோய் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். போக முடியாவிட்டால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு எடுங்கள். கேட்கக் காசு இல்லை.

இனி நீங்கள் கேட்காத விசயம். மாசியில் செழித்த கன்று பங்குனியில் ஏன் விழுந்தது? மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற எங்கள் எழுவான்கரை மண் கடல்மணல். மாரி மழையின் ஈரம் இருக்கும் வரை எல்லாம் வளரும். ஈரம் இறங்கியதும் மணல் சுடும், வேர் சோரும். சிற்றுண்ணியும் பனிப்பூச்சியும் இந்தச் சூட்டுக்காகவே காத்திருக்கின்றன. நீங்கள் கிழமைக்குக் கிழமை போடுகிற யூரியாவில் ஒரு பங்கு, தண்ணீரோடு மணலுக்குள் இறங்கிக் கிணற்றுப் பக்கம் போகிறது. மீதி, பூச்சி விரும்புகிற இளம் குருத்தாக வருகிறது. இது பங்குனிதான். சித்திரை, வைகாசி கடந்து கச்சான் என்கிற வரட்டுக் காற்று அடிக்கும்போது வெறும் மணலில் எந்தக் கன்று நிற்கும்?

எனக்கு இதில் நெஞ்சு வலிக்கிற ஒரு காட்சி உண்டு. இதே மாதத்தில் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், பெரும்போக வெட்டு முடிந்து மெசின் தள்ளிவிட்ட வைக்கோலைக் குவியல் குவியலாக எரிக்கிறார்கள். நெல்லுப் பயிர் மண்ணிலிருந்து எடுக்கிற பொட்டாசியத்தில் பெரும்பங்கு நெல்மணியில் போவதில்லை, வைக்கோலில்தான் நிற்கிறது. அங்கே புகை, இங்கே வெறும் மணலில் நாங்கள் பொட்டாஷ் பொதி வாங்கிப் போடுகிறோம். களுவாஞ்சிகுடியிலிருந்து பட்டிருப்புப் பாலத்தைக் கடந்தால் வயல். 2014இல் மண்முனைப் பாலமும் திறந்தாயிற்று, ஆரையம்பதிப் பக்கத்தாருக்கும் தூரமில்லை. பாத்தி உள்ள நாலைந்து வீடு சேர்ந்து பெட்டி பூட்டிய ஒரு லான்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) பிடியுங்கள். எரிக்கப் போகிற வயல்காரர் அநேகமாகச் சும்மாவே தருவார்.

கொண்டுவந்ததை மண்ணுக்குள் கொத்திப் புதைக்க வேண்டாம். நான் ஒரு வருடம் அப்படிச் செய்து கத்தரிப் பாத்தி முழுவதும் மஞ்சளாகிவிட்டது. வைக்கோலை உக்க வைக்கிற நுண்ணுயிர்கள் மண்ணில் இருந்த நைதரசனையெல்லாம் முதலில் எடுத்துக்கொண்டன. மேலே பரப்புங்கள், ஒரு சாண் உயரத்துக்கு. இரண்டு கிழமையில் அது பாதியாக அமுங்கும். கன்றின் தண்டைச் சுற்றி நாலு விரல் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் தண்டு அழுகும். பரப்பும் முன் கன்றுக்கு ஒரு கூடை உக்கிய மாட்டெரு போடுங்கள், உக்காத பச்சைச் சாணம் வேண்டாம். யூரியாவை ஒரு மாதம் நிறுத்துங்கள். அப்புறம் தேவைப்பட்டால், வைக்கோலை விலக்கி மண்ணில், ஒரு தேக்கரண்டியை மூன்று கன்றுக்குப் பிரித்து.

தண்ணீரை ஒரே வேளையில் கொட்டாமல் காலையும் மாலையுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். ஆவணி வரை கிணற்றுத் தண்ணீரை இடைக்கிடை வாயில் வைத்துப் பாருங்கள். உவர் தட்டினால் கன்றுகளுக்கு அது ஆகாது.

மாவுக்குப் பயப்பட வேண்டாம். நூறு பூவில் ஒன்றுகூட முற்றிய பழமாவதில்லை, மற்றதெல்லாம் உதிர்கிறதுதான் இயல்பு. பூத்திருக்கும்போது பூச்சி மருந்து மட்டும் அடிக்காதீர்கள், அதற்கு மகரந்தம் சேர்க்கிறதில் பெரும்பங்கு ஈக்களுடையது. பிஞ்சு பட்டாணி அளவு வந்த பிறகு கிழமைக்கு இரண்டு தரம் ஆழமாகத் தண்ணீர். வைக்கோல் மிஞ்சினால் அதன் அடியிலும் பரப்புங்கள்.

மூன்று கிழமை கழித்து எழுதுங்கள். சுருண்ட இலை இனி விரியாது, அதைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். புதிதாக வருகிற குருத்து எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.