பட்டிமன்றத்துக்கு நியூரம்பெர்க்: டோனிட்ஸ் வழக்கைக் கையில் எடுங்கள்

இராமநாதபுரத்துக் கல்லூரிப் பட்டிமன்றத்தில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாஜித் தலைவர்கள் மீது நடந்த நியூரம்பெர்க் விசாரணை நியாயமானதே என்று பேசவிருப்பதாகவும், வென்றவர்களே நீதிபதிகளானது நீதியா என்று எதிரணி கேட்டால் என்ன சொல்வதென்றும் தொண்டியிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குற்றச்சாட்டை மறுக்க முயலாதீர்கள்; நான்கு நேச நாடுகளே நீதிபதிகளை அமர்த்தின, போலந்து அதிகாரிகளைத் தானே கொன்ற கத்தீன் படுகொலையைச் சோவியத் தரப்பு ஜெர்மானியர் தலையில் கட்டப் பார்த்தது, தீர்ப்போ அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

உங்களுக்குக் கைகொடுப்பது டோனிட்ஸ் வழக்குதான். ஜெர்மன் நீர்மூழ்கிகளின் தளபதியான அவர், தாக்கி மூழ்கடித்த கப்பல்களில் இருந்தவர்களைக் காப்பாற்றக் கூடாது என்று 1942-இல் ஆணையிட்டவர். தத்தளிப்பவன் எந்த ஊர்க்காரன் என்று கேட்காமல் நாட்டுப்படகில் தூக்கிப் போடும் பாம்பன், மண்டபம் மீனவர்கள் அவையில் இருந்தால், அதன் கொடுமையை நீங்கள் விளக்கவே வேண்டாம். ஆனாலும் அவருடைய வழக்கறிஞர் கிரான்ஸ்ப்யூலர், பசிபிக் கடலில் அமெரிக்க நீர்மூழ்கிகளும் போரின் முதல் நாளிலிருந்தே ஜப்பானிய வணிகக் கப்பல்களை எச்சரிக்கையின்றித் தாக்கின என்பதை அமெரிக்கத் தளபதி நிமிட்ஸிடமிருந்தே எழுத்து வாக்குமூலமாகப் பெற்றார். நீதிமன்றமும் அதைக் கருத்தில் கொண்டு, நீர்மூழ்கிப் போர்விதி மீறல்களுக்காகத் தண்டனையை நிர்ணயிக்கவில்லை என்று தீர்ப்பிலேயே எழுதியது. ஆக்கிரமிப்புப் போர் முதலிய குற்றங்களுக்காக அவருக்குக் கிடைத்தது 10 ஆண்டுச் சிறை. ஹிட்லரின் பொருளாதார அமைச்சராக இருந்த ஷாக்ட் உள்ளிட்ட 3 பேர் விடுதலையே ஆனார்கள். பழிவாங்க மட்டுமே கூடிய மன்றம் இவ்வளவு மெனக்கெடுமா என்று கேளுங்கள்.

எதிரணி ஜப்பானியத் தலைவர்கள் மீது நடந்த டோக்கியோ விசாரணைக்குத் தாவி, அதன் 11 நீதிபதிகளில் ஒருவரான இந்தியர் ராதாபினோத் பால் அனைவரையும் விடுவிக்கச் சொன்னதை நிச்சயம் எடுத்துவரும். ஜப்பானியப் படைகள் கொடுமைகள் புரிந்தன என்பதை அவரும் மறுக்கவில்லை என்பதை அப்போது நினைவூட்டுங்கள்.