பத்தாவது முடிஞ்சாச்சு, எந்த குரூப் எடுக்கறது? டீச்சர் பதில்கள்

டீச்சர், என் பையன் பத்தாவதுல 431 எடுத்திருக்கான். கணக்குல 68, சயின்ஸ்ல 82. காமர்ஸ்தான் எடுப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். அவங்க அப்பாவோ பயோ மேத்ஸ் எடுத்தா டாக்டர், இன்ஜினியர் ரெண்டுக்கும் வழி இருக்கு, வேண்டாம்னா அப்புறம் பி.காம் போய்க்கலாம், காமர்ஸ் எடுத்துட்டா திரும்பி வர முடியாதுங்கறார். ரெண்டு பேரும் இப்ப பேசிக்கிறதே இல்ல. நான் யார் பக்கம் நிக்கிறது?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

மார்க் ஷீட்டை எடுத்து ஒரு தடவை கூட்டிப் பாருங்கம்மா. கணக்கும் சயின்ஸும் சேர்ந்து 150. மீதி தமிழ், இங்கிலீஷ், சோஷியல் மூணுலயும் சேர்த்து 281, அதாவது ஒவ்வொண்ணுலயும் 93க்கு மேல. உங்க பையன் படிக்காத பையன் இல்ல, நல்லாவே படிக்கிறான், எந்தப் பக்கம் படிக்கிறாங்கிறதும் அதுலயே தெரியுது.

உங்க வீட்டுக்காரர் சொல்றது பொய்யில்ல. சயின்ஸ் குரூப்ல இருந்து பி.காம், சிஏ, சட்டம்னு எல்லாத்துக்கும் போகலாம், காமர்ஸ்ல இருந்து பி.இ-க்கும் எம்பிபிஎஸ்-க்கும் போக முடியாது. ஆனா அந்த வழி திறந்திருக்கணும்னா ப்ளஸ் டூல மார்க் வரணுமே. இன்ஜினியரிங் கட் ஆஃப் 200ல கணக்கு மட்டுமே 100, இயற்பியல் 50, வேதியியல் 50. பத்தாவது கணக்குக்கும் ப்ளஸ் ஒன் கணக்குக்கும் எவ்ளோ தூரம்னு பாடம் எடுத்தவங்களுக்குத் தெரியும், வெக்டர், மேட்ரிக்ஸ், லிமிட், டிஃப்ரன்சியேஷன், இன்டகிரேஷன்னு ஒரே வருஷத்துல வந்து நிக்கும், பத்தாவதுல 95 எடுத்த பசங்களே முதல் மிட் டெர்ம்ல பேப்பரை மடிச்சு பைக்குள்ள ஒளிச்சு வெச்சுக்குவாங்க. விருப்பமில்லாம போய் உக்காந்து 600க்கு 370 எடுத்தான்னா பி.இ-யும் நல்ல எடத்துல கிடைக்காது, நல்ல காலேஜ்ல பி.காமும் கிடைக்காது, ஏன்னா அங்க காமர்ஸ் குரூப்ல 550க்கு மேல எடுத்தவங்க வரிசையில நிப்பாங்க.

அதுக்காக அவன் கேட்டதும் குடுத்துடுங்கன்னும் சொல்ல மாட்டேன். ஏன் காமர்ஸ்னு கேளுங்க. ஃப்ரெண்டு போறான்னா, இல்ல கணக்கே இருக்காதுன்னு நெனச்சுக்கிட்டுப் போறான்னா யோசிக்கணும். சிஏ ஃபவுண்டேஷன்ல நாலு பேப்பர், அதுல ஒண்ணு முழுக்க பிசினஸ் மேத்ஸ், லாஜிக்கல் ரீசனிங், ஸ்டாடிஸ்டிக்ஸ்தான், ஒவ்வொரு பேப்பர்லயும் 40, மொத்தத்துல 50 சதவீதம் எடுத்தாத்தான் பாஸ். பாடநூல் புத்தகங்கள் நெட்ல ஃப்ரீயாவே கிடைக்குது, ப்ளஸ் ஒன் கணக்குப்பதிவியல், இயற்பியல் ரெண்டையும் டவுன்லோட் பண்ணிக் குடுங்க. ஜர்னல், லெட்ஜர் வர்ற பாடத்தையும் வெக்டர் வர்ற பாடத்தையும் அவனே உக்காந்து படிச்சுட்டு பின்னாடி இருக்கிற கணக்குல ரெண்டு போட்டுப் பாக்கட்டும். அப்பாவும் பக்கத்துல இருந்தா ரொம்ப நல்லது, பேச்சு வார்த்தையும் ஆரம்பிச்ச மாதிரி ஆச்சு. அதுக்கப்புறமும் காமர்ஸ்னு சொன்னான்னா நான் அவன் பக்கம்தான். சிஏ ஆசை இருந்தா பிசினஸ் மேத்ஸ் இருக்கிற காமர்ஸ் குரூப்பா தேடுங்க, எல்லா ஸ்கூல்லயும் அது இருக்காது, சேர்றதுக்கு முன்னாடியே கேட்டுக்கணும்.

பி.இ கம்ப்யூட்டர் சயின்ஸ் சேரணும்னா ப்ளஸ் ஒன்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்தான் எடுக்கணுமா?
- ஒரு அப்பா, திருப்பூர்

தேவையே இல்லீங்க. கட் ஆஃப்ல கம்ப்யூட்டர் மார்க் சேராது, பயாலஜி மார்க்கும் சேராது. மேத்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி இருந்தாப் போதும். பயாலஜி படிக்கவே பிடிக்கலைன்னா கம்ப்யூட்டர் எடுங்க, புரோகிராமிங் கொஞ்சம் பழகும், அவ்ளோதான் லாபம்.

டீச்சர், நாங்க கூலி வேலை செய்றவங்க. என் பொண்ணு ஆறாவதுல இருந்து அரசுப் பள்ளியிலதான் படிக்குது, பத்தாவதுல 472, கணக்குல 97. ஒரு பிரைவேட் ஸ்கூல்ல இருந்து வீட்டுக்கே வந்து, பாதி ஃபீஸ் தள்ளுபடி, ஹாஸ்டல், நீட் கோச்சிங் எல்லாம் சேர்த்துத் தர்றோம்னு சொல்றாங்க. டாக்டர் ஆகணும்னு அதுக்கு ஆசை. சேத்துடலாமா? குரூப் எது எடுக்கறது?
- ஒரு அப்பா, விழுப்புரம் பக்கம்

அண்ணே, தயவு செஞ்சு டிசி மட்டும் வாங்கிடாதீங்க. இதை உங்ககிட்ட யாருமே சொல்லலையான்னு எனக்குக் கோவமா வருது.

தமிழ்நாட்டுல 2020ல சட்டம் போட்டு, அரசுப் பள்ளியில ஆறாவதுல இருந்து ப்ளஸ் டூ வரைக்கும் படிச்ச பசங்களுக்கு மருத்துவப் படிப்புல 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு குடுத்திருக்காங்க. நீட் எழுதணும், ஆனா போட்டி அரசுப் பள்ளிப் பசங்களுக்குள்ள மட்டும்தான், அதனால பொதுப் பட்டியல்ல வேண்டியதை விட ரொம்பக் கம்மி மார்க்லயே சீட் கிடைக்குது. 2021ல இன்ஜினியரிங், விவசாயம், கால்நடை, சட்டம்னு மத்த தொழில் படிப்புக்கும் இதைக் கொண்டு வந்துட்டாங்க. இந்த ஒதுக்கீட்டுல சேர்றவங்களுக்கு ஃபீஸையும் அரசாங்கமே கட்டுது. உங்க பொண்ணு அஞ்சு வருஷம் முடிச்சாச்சு, மிச்சம் ரெண்டே வருஷம், இப்ப பிரைவேட் ஸ்கூல் வாசல்ல கால் வெச்சா அந்த அஞ்சு வருஷமும் கணக்குல வராது. அரசு உதவி பெறும் பள்ளிக்கு மாத்தினாலும் இதே கதிதான். இது போக, புதுமைப் பெண் திட்டத்துல காலேஜ் படிக்கிற வரைக்கும் மாசம் 1000 ரூபாய் வர்றதும் ஆறுல இருந்து பன்னெண்டு வரை எங்க படிச்சாங்கிறதை வெச்சுத்தான். அந்த ஸ்கூல்காரங்களுக்கு 472 மார்க் பொண்ணு வேணும், பேனர்ல போட்டோ போடணும், அவங்க கணக்கு அவங்களுக்கு.

பக்கத்துல பயோ மேத்ஸ் நல்லா நடக்கிற வேற அரசு மேல்நிலைப் பள்ளி இருந்தா அங்க மாத்துங்க, அதுல ஒரு பிரச்சனையும் இல்ல. அரசுப் பள்ளியிலயும் நீட் பயிற்சி நடத்துறாங்க, ஹெட்மாஸ்டரைக் கேளுங்க.

குரூப்னு கேட்டா பயோ மேத்ஸ். நீட்டுக்கு கணக்குப் பாடம் வேண்டாம்தான், 720ல பயாலஜி 360, பிசிக்ஸ் 180, கெமிஸ்ட்ரி 180. கணக்கு இல்லாம தாவரவியல், விலங்கியல்னு தனித்தனியா படிக்கிற ப்யூர் சயின்ஸ் குரூப்லயும் போகலாம், டைம் மிச்சமாகும்னு சொல்வாங்க. ஆனா கணக்குல 97 வாங்குற புள்ளை அதை விட்டுட்டா பி.இ கதவை நாமளே சாத்தின மாதிரி ஆயிடும், 7.5 அங்கயும் இருக்கும்போது எதுக்கு விடணும்? நீட் தட்டிப் போச்சுன்னாலும் கால்நடை மருத்துவம் இருக்கு, அதுக்கு இங்க ப்ளஸ் டூ மார்க் வெச்சு சீட் தர்றாங்க, பி.ஃபார்ம் இருக்கு, நர்சிங் இருக்கு.

ப்ளஸ் ஒன்ல இனி பப்ளிக் எக்ஸாம் இல்லையாமே? அப்ப முதல் வருஷம் பசங்களை ஃப்ரீயா விட்டுடலாமா?
- ஒரு வாசகி, மதுரை

2017-18ல கொண்டு வந்த ப்ளஸ் ஒன் பொதுத் தேர்வை 2025-26ல இருந்து எடுத்துட்டாங்க, அது உண்மை. பசங்களுக்கு டென்ஷன் குறையுது, சந்தோஷம். ஆனா அந்தத் தேர்வை எதுக்குக் கொண்டு வந்தாங்கன்னு யோசிங்க. அதுக்கு முன்னாடி நிறைய ஸ்கூல்ல ப்ளஸ் ஒன் பாடத்தையே எடுக்காம ஜூன்லயே ப்ளஸ் டூ புத்தகத்தைப் பிரிச்சுடுவாங்க, பசங்க ப்ளஸ் டூல அப்ப இருந்த 1200க்கு 1150 வாங்கிட்டு காலேஜ்ல முதல் செமஸ்டர் மேத்ஸ்ல அரியர் வெப்பாங்க. நீட்டோ ஜேஇஇயோ எழுதணும்னா சிலபஸ்ல கிட்டத்தட்ட பாதி ப்ளஸ் ஒன்ல இருந்துதான் வருது. அதனால அட்மிஷன் போடும்போது "ப்ளஸ் ஒன் போர்ஷன் முழுசா எடுப்பீங்களா"ன்னு நேரடியாக் கேளுங்க. பதில் சுத்தி வளைச்சு வந்துச்சுன்னா, அங்க இப்பப் படிக்கிற புள்ளைங்களோட நோட்டை வாங்கிப் பாருங்க. எந்தப் பாடம் எப்ப நடந்துச்சுன்னு தேதியோட இருக்கும்.

என் பையனுக்கு வண்டி ரிப்பேர், மோட்டார்னா உசுரு. ப்ளஸ் ஒன் வேண்டாம், பாலிடெக்னிக் போறேங்கறான். மார்க் 318. சொந்தக்காரங்க எல்லாம் படிப்பு வரலையான்னு கேக்குறாங்க, கஷ்டமா இருக்கு.
- ஒரு அம்மா, சேலம்

கேக்குறவங்க யாரும் ஃபீஸ் கட்டப் போறதில்லம்மா. பத்தாவது முடிச்சுட்டு மூணு வருஷ டிப்ளமோ, மெக்கானிக்கலோ ஆட்டோமொபைலோ, அரசு பாலிடெக்னிக்ல கிடைச்சா செலவும் கம்மி. முடிச்சுட்டு வேலைக்குப் போகலாம், இல்ல லேட்டரல் என்ட்ரில நேரா பி.இ ரெண்டாவது வருஷம் சேரலாம். கணக்குப் போட்டா ப்ளஸ் டூ படிச்சு பி.இ முடிக்க ஆறு வருஷம், இந்த வழியிலயும் அதே ஆறுதான், நடுவுல கையில ஒரு டிப்ளமோ கூடுதல்.

ஒரே ஒரு விஷயம் அவன்கிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க. பாலிடெக்னிக் போனா முதல் நாளே இன்ஜினைப் பிரிக்கலாம்னு நெனப்பான், முதல் வருஷத்துல பெரும்பாலும் மேத்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, இங்கிலீஷ், டிராயிங்தான், வர்க்‌ஷாப் கொஞ்சமாத்தான் இருக்கும். அந்த வருஷத்துல வெறுத்துப் போய் நின்ன பசங்களை நான் பார்த்திருக்கேன். அதுவும் வேண்டாம், கை வேலைதான் முக்கியம்னா ஐடிஐ-ல மோட்டார் மெக்கானிக் டிரேட் இருக்கு. ரெண்டு இடத்துக்கும் அவனையே கூட்டிட்டுப் போய் வர்க்‌ஷாப்பைப் பார்த்துட்டு, அங்க படிக்கிற பசங்ககிட்ட அவனையே பேச விட்டுட்டு, அப்புறமா அப்ளிகேஷன் போடுங்க.