ஐரோப்பாவில் ஒரே ஒரு நகரத்தின் வரலாற்றைப் படிக்கலாம் என்றால் எதைப் படிக்கச் சொல்வீர்கள்?

தெசலோனிக்கி. கிரேக்க நாட்டின் வடக்கே, ஏஜியன் கடலோரத்தில் இருக்கும் துறைமுக நகரம். ஏதென்ஸுக்கு அடுத்தபடியாக அந்த நாட்டின் பெரிய ஊர்.

ரோம், பாரிஸ், வியன்னா எல்லாவற்றையும் மற்றவர்கள் சொல்லிவிடுவார்கள். நான் இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. சுமார் 2,300 ஆண்டுகளாகக் கைவிடப்படாமல் ஒரே இடத்தில் நிற்கிற ஊர் இது. ஆனால் இன்று அங்கே வசிப்பவர்களில் பெரும்பாலானோரின் குடும்பங்கள் அந்த ஊருக்கு வந்து நூறாண்டுதான் ஆகிறது. ஊர் பழையது, ஊர்க்காரர்கள் புதியவர்கள். இது எப்படி நடந்தது என்று தேடிப் போனால் ஐரோப்பிய வரலாற்றில் பாதியைப் படித்துவிடலாம்.

ஆரம்பத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கி.மு. 315 வாக்கில் மாசிடோனிய அரசன் கசாண்டர், அங்கிருந்த சிற்றூர்களை ஒன்றுசேர்த்து இந்த நகரத்தை உருவாக்கித் தன் மனைவியின் பெயரை வைத்தான். அவள் மகா அலெக்சாண்டரின் சகோதரி. தந்தை ஒருவர், தாய் வேறு. அலெக்சாண்டரின் தாயையும், பிறகு அவனுடைய சிறு வயது மகனையும் கொல்லச் செய்தவன் இதே கசாண்டர்தான். ஆட்சியைப் பிடித்தவனுக்கு அரச குடும்பத்து மருமகன் என்ற தகுதி தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

ரோமானியர் வந்தபிறகு மாசிடோனியா மாகாணத்தின் தலைநகரம் ஆனது. ரோமானிய அரசியல்வாதியும் பேச்சாளருமான சிசரோ நாடு கடத்தப்பட்டபோது கி.மு. 58இல் சில மாதங்கள் இங்கேதான் புலம்பிக்கொண்டிருந்தார். வேதாகமம் படித்தவர்களுக்கு இந்த ஊர் வேறு விதத்தில் தெரிந்திருக்கும்: அப்போஸ்தலர் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய நிருபங்கள், அதாவது கடிதங்கள். அவற்றில் முதலாவதுதான் புதிய ஏற்பாட்டிலேயே மிகப் பழைய எழுத்து என்பது அறிஞர்களில் பலரின் கருத்து.

கி.பி. 300 வாக்கில் கலேரியஸ் என்ற ரோமப் பேரரசன் இங்கே அரண்மனை கட்டினான். அதையொட்டி ஒரு பெரிய வட்டக் கட்டடமும் எழும்பியது. ரொட்டுண்டா என்கிறார்கள். கிறிஸ்தவர்களை வேட்டையாடியவன் காலத்துக் கட்டடம் அடுத்த சில தலைமுறைகளில் தேவாலயமானது, 1590இல் மசூதியானது, 1912க்குப் பிறகு மறுபடி தேவாலயம், அருங்காட்சியகம். மசூதியாக இருந்தபோது எழுப்பிய மினாரா, அதாவது தொழுகைக்கு அழைக்கும் கோபுரம், இன்னும் பக்கத்தில் நிற்கிறது. நகரத்தில் முழுசாக மிஞ்சியிருக்கும் ஒரே மினாரா அதுதான். இந்த ஊரில் ஒரே ஒரு கட்டடத்தைப் பார்க்க நேரம் இருந்தால் அதைத்தான் பாருங்கள் என்பேன்.

390இல் நடந்தது கொடூரம். மக்கள் கொண்டாடிய ஒரு தேரோட்டியைப் படைத்தலைவன் சிறையில் அடைக்க, கூட்டம் பொங்கி எழுந்து அந்தப் படைத்தலைவனைக் கொன்றது. பேரரசன் தியோடோசியஸ் பழிவாங்க உத்தரவிட்டான். பந்தய மைதானத்தில் கூடியிருந்தவர்களில் 7,000 பேர் வெட்டப்பட்டதாகப் பழைய நூல்கள் சொல்கின்றன. மிலான் ஆயர் அம்புரோஸ் பேரரசனையே தேவாலயத்தில் பாவப்பரிகாரம் செய்யவைத்தார். அரசனைவிட ஆலயம் பெரியது என்ற ஐரோப்பியச் சண்டையின் தொடக்கங்களில் இதுவும் ஒன்று.

அப்புறம் பைசாந்தியக் காலம், அதாவது கிழக்கு ரோமப் பேரரசின் காலம். தலைநகரான கான்ஸ்டான்டினோப்பிளுக்கு (இன்றைய இஸ்தான்புல்) அடுத்த நகரம் என்ற பெருமை. ஸ்லாவிய மொழிகளுக்கு முதல் எழுத்து வகுத்த சிரில், மெத்தோடியஸ் சகோதரர்கள் இந்த ஊர்க்காரர்கள். நடுநடுவே அடியும் விழுந்தது: 904இல் அரபுக் கடற்படை, 1185இல் நார்மானியர். கடைசியில் காப்பாற்ற முடியாமல் 1423இல் நகரத்தை வெனிஸிடம் ஒப்படைத்தார்கள். ஏழே ஆண்டில், 1430 மார்ச்சில், உஸ்மானிய (துருக்கிய) சுல்தான் இரண்டாம் முராத் பிடித்துக்கொண்டார். ஏராளமான மக்களை அடிமைகளாகக் கொண்டுபோனார்கள். ஊர் பாதி காலி.

என்னைக் கட்டிப்போட்ட பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது.

1492இல் ஸ்பெயின் தன் யூதர்களை, மதம் மாறு அல்லது வெளியேறு என்று துரத்தியது. உஸ்மானியப் பேரரசு அவர்களை வரவேற்றது. கருணை என்று சொல்வதைவிடக் கணக்கு என்று சொல்வது சரியாக இருக்கும். ஆளில்லாத துறைமுகத்துக்கு நெசவாளியும் வணிகனும் தேவை. ஆயிரக்கணக்கில் வந்தார்கள். 1519 கணக்கெடுப்பில் நகர மக்களில் பாதிக்கு மேல் யூதர்கள். அவர்கள் நெய்த கம்பளித் துணிதான் சுல்தானின் ஜானிசரிப் படைக்குச் சீருடை; வரியையே துணியாகக் கட்டினார்கள். காஸ்டீல், அரகான், லிஸ்பன் என்று தாங்கள் விட்டுவந்த ஊர்களின் பெயரிலேயே தொழுகைக்கூடங்களை வைத்துக்கொண்டார்கள். வீட்டில் பேசியது லடினோ என்னும் பழைய ஸ்பானிய மொழி. நானூறு ஆண்டு கழித்தும் அதையே பேசினார்கள். துறைமுகத்தில் சுமை தூக்குபவர்கள் முதல் வங்கிக்காரர்கள் வரை யூதர்களாக இருந்ததால் சனிக்கிழமை துறைமுகமே மூடியிருக்கும். ஐரோப்பாவில் இப்படி ஒரு பெரிய ஊர் வேறு கிடையாது.

இதற்குள் இன்னொரு கிளைக்கதையும் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் சப்பத்தாய் செவி என்பவர் தன்னையே மெசியா, அதாவது யூதர்கள் காத்திருந்த மீட்பர், என்று அறிவித்தார். யூத உலகமே பரபரத்தது. சுல்தான் பிடித்து மிரட்டியதும் 1666இல் அவர் முஸ்லிமாகிவிட்டார். அவரை நம்பிய சில நூறு குடும்பங்கள் பின்னாளில் இங்கே தாங்களும் மதம் மாறின. ஆனால் வீட்டுக்குள் பழைய நம்பிக்கையை விடவில்லை. துருக்கியர் அவர்களை தென்மே என்றார்கள். 1902இல் அவர்களுக்காக ஓர் இத்தாலியக் கட்டடக் கலைஞர் கட்டிய மசூதியில் யூத அடையாளமான ஆறுமுனை நட்சத்திரங்களைப் பார்க்கலாம்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடல் பக்கத்துக் கோட்டைச் சுவரை இடித்தார்கள், ரயில் வந்தது, டிராம் ஓடியது. 1881இல் இங்கே ஒரு சுங்க அலுவலர் வீட்டில் பிறந்த பையன்தான் பின்னாளில் துருக்கிக் குடியரசை நிறுவிய முஸ்தபா கெமால் அதாதுர்க். 1908இல் சுல்தானின் தனியாட்சியை எதிர்த்த இளந்துருக்கியர் புரட்சி இந்த ஊரை மையமாக வைத்துத்தான் வெடித்தது. அடுத்த ஆண்டு பதவி இழந்த சுல்தான் அப்துல் ஹமீதை இங்கேயே ஒரு மாளிகையில் காவலில் வைத்தார்கள்.

1912இல் பால்கன் போர்: கிரேக்கம், பல்கேரியா உள்ளிட்ட பால்கன் நாடுகள் உஸ்மானியரை எதிர்த்தன. கிரேக்கப் படை முந்திக்கொண்டு நகரத்துக்குள் நுழைந்தது. பல்கேரியப் படை வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தச் சிறிய இடைவெளி இல்லாவிட்டால் இன்று அந்த ஊர் எந்த நாட்டில் இருந்திருக்குமோ! மறு ஆண்டு மார்ச்சில், நடைப்பயிற்சி போன கிரேக்க அரசர் முதலாம் ஜார்ஜ் இதே ஊரில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

புதிய அரசு 1913இல் எடுத்த கணக்கு இது: மொத்தம் 1,57,889 பேர். யூதர்கள் 61,439. முஸ்லிம்கள் 45,867. கிரேக்கர்கள் 39,956. மீதி பல்கேரியரும் மற்றவர்களும். கிரேக்க நகரமாகிவிட்ட ஊரில் கிரேக்கர்கள் மூன்றாவது இடம். இந்த எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முப்பதே ஆண்டில் யூதர், முஸ்லிம் என்ற முதல் இரண்டு கூட்டங்களும் கிட்டத்தட்ட அழிந்துவிட்டன.

முதல் அடி நெருப்பு. 1917 ஆகஸ்ட் 18, சனிக்கிழமை. அகதிகள் தங்கியிருந்த ஒரு வீட்டு அடுப்பில் பற்றியது என்பது விசாரணையின் முடிவு. கத்தரிக்காய் பொரித்தபோது என்று ஊரில் சொல்வார்கள். அப்போது முதல் உலகப் போர். பிரிட்டன், பிரான்ஸ் படைகள் நகரில் குவிந்திருந்தன, தண்ணீர் பற்றாக்குறை, கடுங்காற்று வேறு. ஒன்றரை நாளுக்குள் 9,500 வீடுகள் போயின. 70,000 பேருக்கு மேல் தெருவில் நின்றார்கள். அவர்களில் பெரும்பாலானோர் யூதர்கள். பிரதமர் வெனிசெலோஸ் எரிந்த பகுதியில் பழையபடி வீடு கட்டத் தடை போட்டார். எர்னெஸ்ட் எப்ரார் என்ற பிரெஞ்சுக்காரர் தலைமையில் நேர்த் தெருக்களும் சதுக்கங்களும் கொண்ட புது வரைபடம் தயாரானது. இன்று சுற்றுலாப் படங்களில் வரும் அரிஸ்டாட்டில் சதுக்கம் அவர் போட்ட திட்டம்தான். அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் மனைகள் ஏலத்துக்கு வந்தபோது எரிந்த வீட்டுக்காரர்களில் ஏழைகளால் வாங்க முடியவில்லை. அவர்கள் நகர விளிம்புக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

இரண்டாவது அடி 1923. துருக்கியோடு நடந்த போரில் கிரேக்கம் தோற்றது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் போட்ட ஒப்பந்தப்படி துருக்கியிலிருந்த ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கும், கிரேக்கத்திலிருந்த முஸ்லிம்கள் துருக்கிக்கும் கட்டாயமாக இடம் மாற வேண்டும். மொழி எது என்று யாரும் கேட்கவில்லை, மதம் மட்டுமே அளவுகோல். கிரேக்கம் தெரியாத கிறிஸ்தவர்கள் இங்கே வந்தார்கள். துருக்கி மொழி தெரியாத முஸ்லிம்கள் கிரேக்கத்தின் வேறு பகுதிகளிலிருந்து அங்கே போனார்கள். தென்மேக்களும் முஸ்லிம் கணக்கில் சேர்க்கப்பட்டுக் கப்பலேறினார்கள். தெசலோனிக்கிக்கு மட்டும் லட்சம் பேர் அளவில் அகதிகள் வந்து இறங்கினார்கள். ஊரின் புகழ்பெற்ற பாவோக் கால்பந்து அணியை 1926இல் தொடங்கியவர்கள் கான்ஸ்டான்டினோப்பிளிலிருந்து வந்தவர்கள். பைசாந்தியத்தின் இரட்டைத்தலைக் கழுகுதான் அதன் சின்னம். இதற்கிடையே 1924இல் வந்த சட்டம் ஞாயிற்றுக்கிழமையைக் கட்டாய விடுமுறையாக்கியது. சனிக்கிழமை மூடும் துறைமுகம் அத்தோடு முடிந்தது.

நான் வேலை நிமித்தம் அங்கே சில மாதங்கள் இருந்தபோது, நெருப்புக்குத் தப்பிய மேட்டுப் பகுதியான ஆனோ போலியில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரப் பாட்டி, கடைக்காரர், அலுவலக நண்பர்கள் என்று யாரிடம் பூர்வீகம் கேட்டாலும் ஸ்மிர்னா, டிரபிசான், கப்படோசியா என்று இன்றைய துருக்கியிலிருக்கும் ஊர்களைத்தான் சொல்வார்கள். பாட்டி செய்யும் சமையலில் பாதியை இஸ்தான்புல்லில் சாப்பிட்டிருக்கிறேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

மூன்றாவது அடி 1943. ஜெர்மன் படை 1941 ஏப்ரலில் நகரைப் பிடித்தது. 1942 ஜூலை 11, சனிக்கிழமை, 18 முதல் 45 வயதுக்குட்பட்ட யூத ஆண்கள் சுமார் 9,000 பேரைச் சுதந்திரச் சதுக்கத்தில் வெயிலில் நிறுத்தி, அடித்து அவமானப்படுத்திக் கட்டாய வேலைக்குப் பதிவு செய்தார்கள். அவர்களை மீட்க யூதச் சமூகத்திடம் பெரும்தொகை கேட்டார்கள். அந்தப் பேரத்தோடு சேர்ந்து போனது யூதக் கல்லறைத் தோட்டம். நகரத்துக்கு அந்த நிலத்தின் மேல் வெகுநாளாகக் கண். டிசம்பரில் இடிப்பு தொடங்கியது. 3 லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள் என்கிறார்கள். கல்வெட்டுக் கற்கள் நடைபாதைக்கும் சுவருக்கும் தேவாலயப் பழுதுபார்ப்புக்கும் போயின. இதை ஜெர்மானியர் மட்டும் செய்யவில்லை என்பதைத் தெசலோனிக்கி ஒப்புக்கொள்ள வெகுகாலம் ஆனது. இன்று அந்த நிலத்தில் பல்கலைக்கழகம் நிற்கிறது. வளாகத்தில் நினைவுச்சின்னம் வைத்ததே 2014இல்தான்.

1943 மார்ச் 15 அன்று யூதர்களை ஏற்றிக்கொண்டு முதல் ரயில் ஆஷ்விட்ஸ் என்ற நாஜி மரண முகாமுக்குக் கிளம்பியது. ஆகஸ்டுக்குள் 45,000க்கும் அதிகமானோர். திரும்பியவர்கள் மிகச் சிலர். ஸ்பானியக் குடியுரிமை வைத்திருந்த 367 பேர் மட்டும் வேறு முகாமுக்கு அனுப்பப்பட்டுப் பிறகு ஸ்பெயின் போய்ச் சேர்ந்தார்கள். 1492இல் துரத்திய அதே ஸ்பெயின்.

"மூன்று மதமும் அண்ணன் தம்பியாக வாழ்ந்த ஊர்" என்று பழைய சலோனிக்காவை (தெசலோனிக்கியின் இன்னொரு பெயர்) பற்றி இணையத்தில் நிறைய உருக்கமாக எழுதுகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. உஸ்மானிய ஆட்சியில் முஸ்லிம் அல்லாதவர்கள் இரண்டாந்தரக் குடிமக்கள்தான். தனி வரி, தனிச் சட்டம், தனித் தெரு. 1876இல் ஒரு பெண் மதம் மாறிய தகராறில் கூட்டம் கூடி பிரெஞ்சு, ஜெர்மன் தூதர்கள் இருவரை அடித்தே கொன்றது. சொர்க்கம் ஒன்றுமில்லை. ஆனாலும் ஒருவரை ஒருவர் ஒழித்துவிட்டுத்தான் வாழ முடியும் என்ற எண்ணம் அந்த ஊரில் இல்லை. அது தேசிய அரசுகளோடு 20ஆம் நூற்றாண்டில் வந்தது.

நேரில் போகிறவர்களுக்கு ஒன்று. மெட்ரோ தோண்ட 2006இல் ஆரம்பித்தார்கள். திறந்தது 2024 நவம்பர் 30. தோண்டத் தோண்டப் பழம்பொருள், 3 லட்சத்துக்கும் மேல் கிடைத்ததாம். இன்றைய எக்னாத்தியா சாலைக்கு அடியில் பழைய நகரத்தின் முக்கியச் சாலையே பளிங்குத் தரையோடு, இருபுறக் கடைகளோடு வந்தது. அதைப் பெயர்த்தெடுத்து மறுபடி பொருத்தலாமா, இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு நிலையம் கட்ட வேண்டுமா என்று நீதிமன்றம் வரை சண்டை. பெயர்த்து வைக்கிற கட்சிதான் ஜெயித்தது; என் ஓட்டு மற்ற கட்சிக்கு. எது எப்படியோ, வெனிசெலூ நிலையத்தில் இறங்கினால் அந்தச் சாலையைப் பார்க்கலாம். காலை அலுவலக நேரத்தில் போகாதீர்கள், கூட்டத்தில் நிற்கவே விடமாட்டார்கள்.