ஸ்விங் ‘ரகசியங்கள்’: நம்பலாமா, வேண்டாமா? கோல்ஃப் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ரகம்: ஸ்விங் (பந்தை அடிக்க கிளப் என்கிற கோலை வீசும் அசைவு) பற்றி எங்கோ ஒரு ரகசியம் கேள்விப்பட்டேன், செய்து பார்க்கலாமா? அதனால் எல்லாவற்றையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறேன். பதில்களை வலது கைக்காரர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன், இடது கைக்காரர்கள் திசையை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தொழில்முறை வீரர்கள் வெளியில் சொல்லாத ஒரு அசைவு இருக்கிறதாம், அதைப் பழகினால் டிரைவரில் (ரொம்பத் தூரம் அடிக்கும் நீளமான கிளப்) 30 யார்டு கூடுமாம். நிஜமாகவே எதையாவது மறைக்கிறார்களா சார்?

இல்லை. மறைக்க வழியே கிடையாது. அவர்கள் அடிக்கிற ஷாட்டுகளை ஸ்லோமோஷனில் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள், கிளப் எந்தக் கோணத்தில் இறங்கியது, அதன் முகம் (பந்தில் படும் பக்கம்) எங்கே பார்த்தது, பந்து எவ்வளவு சுழன்றது என்று ரேடார் கருவி அளந்துவிடுகிறது. இதற்கு மேல் ஒளித்து வைக்க என்ன இருக்கிறது? அமெரிக்க வீரர் ஜிம் ஃப்யூரிக்கின் ஸ்விங்கைப் பாருங்கள். கிளப் மேலே போகிற வழி ஒன்று, கீழே வருகிற வழி வேறு, நடுவில் ஒரு பெரிய வளைவு. எந்தப் பாடத்திலும் அப்படிச் சொல்லித்தர மாட்டார்கள். அந்த ஸ்விங்கோடுதான் 2003-ல் யு.எஸ். ஓப்பன் வென்றார், 2016-ல் பிஜிஏ டூரில் (அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடர்) ஒரு முழுச் சுற்றை வெறும் 58 அடியில் முடித்தார். அவருக்கும் மற்றவர்களுக்கும் பொதுவாக இருப்பது பந்தைத் தொடும் நேரத்தில் கிளப் எப்படி வருகிறது என்பதுதான். அதற்கு முன்னால் நடப்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும்.

ரகசியம் என்ற பேச்சும் புதிதல்ல. பென் ஹோகன் 1953-ல் மாஸ்டர்ஸ், யு.எஸ். ஓப்பன், பிரிட்டிஷ் ஓப்பன் மூன்றையும் வென்றவர். அவருடைய ‘ரகசியம்’ என்ன என்று பல வருஷம் எல்லோரும் ஊகித்துக்கொண்டிருந்தார்கள், கடைசியில் 1955-ல் லைஃப் பத்திரிகையில் அவரே சொன்னார். பேக்ஸ்விங்கில் (கிளப்பைப் பின்னால் தூக்கும்போது) முன்கையைச் சுழற்ற வேண்டும், உச்சிக்குப் போனதும் இடது மணிக்கட்டைப் புறங்கைப் பக்கமாகக் கொஞ்சம் மடக்க வேண்டும். அவ்வளவுதான். இதைச் செய்தால் கிளப் முகம் திறக்கும், பந்து இடதுபக்கம் வளைவது குறையும். ஹோகனுக்கு ஆரம்பத்திலிருந்தே இருந்த தொல்லை ஹூக், அதாவது பந்து இடதுபக்கம் வளைந்து போவது, அதனால் அவருக்கு இது உயிர் காத்த வைத்தியம். ஆனால் அமெச்சூர்களில் பெரும்பாலோர் ஸ்லைஸ் (பந்து வலதுபக்கம் வளைவது) அடிப்பவர்கள், ஏற்கெனவே முகம் திறந்து கிடப்பவர்கள். அவர்கள் இதைச் செய்தால் இன்னும் வலதுபக்கம் போகும். அடுத்தவர் மருந்துச்சீட்டை எடுத்துப்போய் நாம் மருந்து வாங்கிச் சாப்பிடுகிற கதைதான் இது. இன்று சுற்றிவருகிற டிப்ஸ்களில் நிறைய இந்த ரகம்தான்: பொய் இல்லை, யாரோ ஒருவருக்கு நிஜமாகவே பலித்ததுதான், ஆனால் அவருடைய கோளாறு உங்களுடையது இல்லை.

கேள்வி: ஒரு டிப்ஸ் பார்த்தேன், சனிக்கிழமை பிரமாதமாக ஆடினேன். அடுத்த வாரமே எல்லாம் போய்விட்டது. நான்தான் தப்பாகச் செய்கிறேனா?

உங்கள் தப்பு இல்லை. ஒன்றை யோசித்துப் பாருங்கள், நன்றாக ஆடின அன்று யாரும் டிப்ஸ் தேடுவதில்லை. ரொம்ப மோசமாக ஆடின அன்று ராத்திரிதான் தேடுகிறோம். வழக்கத்தைவிட ரொம்ப மோசமான ஒரு நாளுக்கு அப்புறம், எதையுமே மாற்றாமல் போனாலும், அடுத்த ஆட்டம் பெரும்பாலும் வழக்கமான நிலைக்குத் திரும்பிவிடும். அந்தப் பெருமை முழுவதும் நடுவில் பார்த்த டிப்ஸுக்குப் போய்ச் சேருகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. புதிதாக ஒரே ஒரு விஷயத்தை நினைத்துக்கொண்டு அடிக்கும்போது மனதில் ஓடும் மற்ற பத்துக் கட்டளைகளும் அடங்கிவிடுகின்றன, உடம்பு தளர்ந்து தானாக ஆடுகிறது. நாலைந்து நாளில் அந்த உணர்வு பழகிப்போகும், பழகியதும் அதே உணர்வு கிடைப்பதற்காக நம்மை அறியாமலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவோம். ‘வலது முழங்கையை உடம்போடு ஒட்டி வை’ என்று ஆரம்பித்தவர் இரண்டாவது வாரத்தில் முழங்கையை முதுகுக்குப் பின்னாலேயே மாட்டிக்கொண்டு நிற்பார், பந்து நேராக வலதுபக்கம் பறக்கும்.

நம்பலாமா என்று சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். ரேஞ்சில் (பயிற்சி மைதானத்தில்) டிப்ஸோடு ஐந்து பந்து, இல்லாமல் ஐந்து பந்து என்று மாற்றி மாற்றி அடித்து, ஒவ்வொன்றும் எங்கே விழுந்தது என்று எழுதி வையுங்கள். இரண்டு மூன்று வெவ்வேறு நாளில் செய்யுங்கள். வித்தியாசம் இருந்தால் காகிதத்திலேயே தெரியும்.

கேள்வி: ஸ்லைஸ் போகவே மாட்டேன் என்கிறது. ஒருவர் கிரிப்பை (கிளப்பைப் பிடிக்கும் விதத்தை) மாற்று என்கிறார், ஒருவர் பந்தைத் தொடும்போது கையைப் புரட்டு என்கிறார், இன்னொருவர் இடதுபக்கம் குறிவைத்தால் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பந்து சொல்வதைக் கேளுங்கள்.

பந்து எந்தத் திசையில் கிளம்புகிறது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கிளப் முகம். முகம் ஒரு பக்கம் பார்க்க, கிளப் போகிற பாதை வேறு பக்கமாக இருந்தால், அந்த இடைவெளிதான் பந்தை வளைக்கிறது. முகம் பாதையைவிட வலதுபக்கம் திறந்திருந்தால் ஸ்லைஸ். இது ரகசியமே இல்லை, இயற்பியல். ஆனால் நீண்ட காலமாக இதைத் தலைகீழாகச் சொல்லிக்கொடுத்தார்கள், பந்து பாதையில் கிளம்பி முகம் பார்க்கும் இடத்தில் போய் முடியும் என்று. ரேடார் கருவிகள் பரவலான பிறகுதான் அது மாறியது. பழைய பாடம் படித்தவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

சரி, மூன்று ஆலோசனைக்கு வருவோம். இடதுபக்கம் குறிவைப்பது ரொம்ப மோசம், ஏனென்றால் பாதை இன்னும் இடதுபக்கம் திரும்பும், இடைவெளி கூடும், வளைவும் கூடும். தொடும்போது கையைப் புரட்டுவது நடக்காத காரியம்: பந்தும் கிளப்பும் ஒட்டியிருப்பது ஒரு விநாடியில் ஏறக்குறைய 2000-ல் ஒரு பங்கு நேரம், டவுன்ஸ்விங் (கிளப் கீழே இறங்குவது) முழுவதுமே கால் விநாடிதான். அதற்குள் யோசித்துக் கையைத் திருப்ப எந்த மனிதராலும் முடியாது. மூன்றில் பார்க்கத் தகுந்தது கிரிப் மட்டும்தான், அது ஸ்விங் தொடங்கும் முன்பே, நிதானமாகச் சரிசெய்யக்கூடியது. குனிந்து பாருங்கள், இடது கையில் இரண்டு விரல் முட்டியாவது தெரிய வேண்டும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உண்டாகிற கோடு வலது தோளைப் பார்க்க வேண்டும். ஒரு முட்டிகூடச் சரியாகத் தெரியவில்லை, கோடு தாடையைப் பார்க்கிறது என்றால் முதலில் அதை மாற்றுங்கள். ஒரு வாரம் அசௌகரியமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. அழிக்கக்கூடிய மார்க்கர் பேனாவால் பந்தில் ஒரு புள்ளி வைத்து, புள்ளி உள்ள பக்கம் கிளப்பைப் பார்க்கும்படி டீயில் (பந்தை வைக்கும் சிறு குச்சியில்) வைத்து டிரைவரால் அடியுங்கள். முகத்தில் எங்கே பட்டது என்று மை காட்டிவிடும். அது தண்டுப் பக்கமாக இருந்தால், ஸ்விங் ஒழுங்காகவே இருந்தும் பந்து வலதுபக்கம் வளையும். அப்படிப்பட்டவர் ஸ்விங்கை மாற்றிக்கொண்டே இருப்பது வீண், நிற்கும் தூரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: ‘தலையைத் தூக்காதே’ என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதாவது உண்மையா?

பாதி உண்மை. பெரிய தொழில்முறை ஆட்டக்காரர்களான அன்னிகா சோரன்ஸ்டாமும் டேவிட் டுவாலும் பந்தைத் தொடுவதற்கு முன்பே தலையைத் திருப்ப ஆரம்பித்துவிடுவார்கள். பந்தின் தலையில் பட்டு அது தரையோடு உருண்டால் அதற்குக் காரணம் பெரும்பாலும் தலை இல்லை, உடம்பு நிமிர்ந்ததோ கை மடங்கியதோ எடை பின்காலிலேயே நின்றதோதான். தலையைக் கட்டாயமாக அழுத்தி வைத்தால் தோள் திரும்பாது, கழுத்துதான் வலிக்கும்.

கேள்வி: இடது கை வளையவே கூடாதாமே?

தொழில்முறை வீரர் கால்வின் பீட்டின் இடது முழங்கை சிறுவயதில் உடைந்தது, அந்தக் கையை அவரால் முழுவதும் நீட்டவே முடியாது. அவர்தான் 1981 முதல் 1990 வரை, வரிசையாகப் பத்து வருஷம், பிஜிஏ டூரில் டிரைவரால் அடித்த பந்தை ஃபேர்வேயில் (நடுவே வெட்டி வைத்த புல்வெளியில்) போடுவதில் முதலிடம். கை லேசாக வளைந்தால் கவலைப்படாதீர்கள்.

கேள்வி: மணிக்கட்டு மடிப்பைக் கடைசிவரை பிடித்து வைத்தால் தூரம் கூடும் என்கிறார்கள். முயற்சி செய்து பந்து எங்கெங்கோ போகிறது.

போகத்தான் செய்யும். பெரிய வீரர்களின் புகைப்படத்தில் தெரிகிற அந்த மடிப்பு அவர்கள் பிடித்து வைத்தது இல்லை. இடுப்பு முதலில், அப்புறம் மார்பு, அப்புறம் கை என்று வரிசையாகத் திரும்பும்போது கிளப் தானாகப் பின்தங்குகிறது. விளைவை எடுத்துச் செய்முறையாக்கினால் முகம் திறந்தே வரும், வேகமும் குறையும். 1999-ல் கேப்ரியல் வுல்ஃப் என்ற ஆராய்ச்சியாளரும் சகாக்களும், புதிதாகக் கற்பவர்களை வைத்துக் குட்டை ஷாட்டுகளில் ஒரு சோதனை செய்தார்கள். கையின் அசைவைக் கவனித்தவர்களைவிட கிளப்பின் அசைவைக் கவனித்தவர்கள் துல்லியமாக அடித்தார்கள். மணிக்கட்டை மறந்துவிட்டு, கிளப் தலை காற்றைக் கிழிக்கும் சத்தம் பந்தைத் தாண்டி வரும்படி ஆட்டிப் பாருங்கள். தூரத்துக்கு இன்னொன்று: டிரைவர் முகத்தின் நடுவில் பட்டால் பந்தின் வேகம் கிளப் வேகத்தைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஓரத்தில் பட்டால் அது சட்டென்று குறைந்துவிடும், எவ்வளவு வேகமாக வீசினாலும் சரி.

கேள்வி: ஸ்விங்கை விட்டுவிட்டு புட்டிங் (குழிக்கு அருகே பந்தை உருட்டிப் போடுவது) மட்டும் பழகினாலே ஸ்கோர் குறையுமா?

கொஞ்சம் குறையும். ஆனால் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி ஏராளமான ஷாட்டுகளை அலசிச் சொன்னது, நன்றாக ஆடுபவருக்கும் சுமாராக ஆடுபவருக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு 100 யார்டுக்கு அப்பால் அடிக்கும் ஷாட்டுகளில் வருகிறது என்று. எட்டடி புட்டை டூர் வீரர்களே சுமார் பாதிதான் போடுகிறார்கள். நீங்கள் தவறவிட்டதற்கு மனம் உடையாதீர்கள்.

கேள்வி: ‘ஏழே நாளில் சிங்கிள் ஹேண்டிகேப்’ (திறமையைக் காட்டும் எண்ணை ஒற்றை இலக்கத்துக்குக் குறைப்பது) என்று ஒரு ஆன்லைன் கோர்ஸ், இன்று இரவுக்குள் சேர்ந்தால் பாதி விலை. சேரலாமா?

வேண்டாம். உங்கள் ஸ்விங்கை ஒரு முறைகூடப் பார்க்காதவர் உங்கள் கோளாறு என்னவென்று எப்படிச் சொல்ல முடியும்? அதே பணத்தில் நேரில் பார்க்கிற ஒரு பயிற்சியாளரிடம் ஒரு மணி நேரம் வாங்குங்கள். போகும்போது பின்னாலிருந்து ஒன்று, எதிரிலிருந்து ஒன்று என இரண்டு வீடியோவும், மை பட்ட கிளப் முகத்தின் ஒரு படமும் கொண்டுபோங்கள். அவர் நீங்கள் அடிப்பதைப் பார்க்கும் முன்பே டிப்ஸ் சொல்ல ஆரம்பித்தால் வேறு ஆளைத் தேடுங்கள். பார்த்துவிட்டு ஒரே ஒரு விஷயத்தை மாற்றச் சொல்லி, அடுத்த மாதம் வாருங்கள் என்றால் அவரிடமே தொடருங்கள்.